கண்மாயின் சொற்களைப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம்

(நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான வட்டார அளவிலான பயிற்சியில், சிவகங்கை மாவட்ட அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். ஓசோன் படலம் என்பார்கள். அமேசான் காடு என்பார்கள். மரம் வளர்ப்போம், மழை பெறுவோம் என்று ஒரே குரலில் சொல்வார்கள். எல்லாம் சரியான விடைகள்தாம். அடுத்ததாக, நம் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கேளுங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். “மழை பெய்தா நிறையும் டீச்சர்” என்று யாராவது ஒருவர் சொல்லக்கூடும்.

இந்த விடையைச் சொல்லும் பிள்ளையின் தாத்தா அந்தக் கண்மாயின் ஒவ்வொரு வாய்க்காலையும் பெயர் சொல்லி அழைத்தவராக இருப்பார். ஒரே வீட்டில், ஒரே திண்ணையில் இருக்கும் இரண்டு பேருக்கு நடுவில் அந்த அறிவு நின்றுபோய்விட்டது. அதை மறுபடியும் ஓட வைக்கும் வேலையில் பள்ளிக்கு என்ன பங்கு இருக்கிறது என்பதுதான் நான் இன்று பேச வந்தது. பெரிய ஆய்வு எதையும் நான் செய்துவிடவில்லை. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் சில ஆண்டுகளாகச் செய்துவரும் எளிய வேலைகளை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சொல்லில் இருந்து தொடங்குதல்

முதல் நாள் ஒரே ஒரு கேள்வி. கண்மாயின் பகுதிகளை எழுதுங்கள். பிள்ளைகள் கரை, தண்ணீர், மீன், மரம் என்று எழுதினார்கள். நான்கைந்து சொல்லுக்கு மேல் போகவில்லை. அன்றைய வீட்டுப்பாடம் இதுதான்: வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்கிறபடியே எழுதி வாருங்கள்.

மறுநாள் கரும்பலகை நிறைந்துவிட்டது. வரத்துக்கால், உள்வாய், மடை, குமிழி, கலுங்கு, மறுகால், ஆயக்கட்டு. ஒரு பிள்ளை வரத்துக்கால் என்றும், இன்னொரு பிள்ளை வரத்து வாய்க்கால் என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டையும் எழுதிக்கொண்டோம்.

பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் படம் வரைந்தோம். மழைநீரைத் திரட்டிக் கண்மாய்க்குக் கொண்டு வருவது வரத்துக்கால். கரைக்கு உட்புறம் நீர் பரந்து நிற்கும் இடம் உள்வாய். வயலுக்குத் தண்ணீர் விடும் வாசல் மடை. பழைய கண்மாய்களில் உள்வாய்க்குள் இரண்டு கல்தூண்கள் தனியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே கல்தொட்டி இருக்கும். தொட்டியின் துளையை அடைத்திருக்கும் குமிழைத் தூக்கினால், நீர் கரைக்கு அடியில் இருக்கும் கால்வாய் வழியாக வெளியே போகும். அதுதான் குமிழி மடை. கண்மாய் நிறைந்தபின் மிஞ்சிய நீர் கரையை உடைக்காமல் வழிந்து போகக் கட்டிய இடம் கலுங்கு. வழிந்த நீர் ஓடும் பாதை மறுகால். அந்த மறுகால்தான் கீழே இருக்கிற அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்துக்கால்.

இந்தக் கடைசி வரியைச் சொன்னபோது ஒரு மாணவன், “அப்ப நாம கொட்டுற குப்பை அவங்க ஊருக்குப் போகுமா டீச்சர்?” என்று கேட்டான். சங்கிலித்தொடர் கண்மாய்கள், மேல்மடை கீழ்மடை உரிமை, நீர் மாசு என்று நான் மூன்று பாடவேளைகளில் நடத்த வேண்டியதை அவன் ஒரு கேள்வியில் தொட்டுவிட்டான். அந்தக் கேள்வியைக் கேட்க அவனுக்குத் தேவைப்பட்டது மறுகால் என்கிற ஒரு சொல்.

தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. இவை பெரும்பாலும் மனிதர் கட்டியவை. கட்டியவர்கள் கரையை மட்டும் விட்டுச் செல்லவில்லை. அதைப் பேணும் முறையைப் பேச்சில் விட்டுச் சென்றார்கள். ராமநாதபுரம் மாவட்டம் ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயைப் பற்றி, நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று ஒரு சொலவடை உண்டு. கேட்கும்போது பெருமைப் பேச்சு போலத் தோன்றும். பிள்ளைகளோடு உட்கார்ந்து யோசித்தால், அதில் ஒரு கணக்கு இருப்பது தெரியும். மடை எத்தனை என்கிற எண் அதில் இருக்கிறது. ஒரு மடை தூர்ந்து போனால், அது தூர்ந்துவிட்டது என்று சொல்ல ஊருக்கு ஆதாரமாக அந்தச் சொலவடையே நிற்கும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வரத்துக்கால் என்கிற சொல் தெரிந்தவர், அதன்மேல் குப்பையோ கட்டடக் கழிவோ விழுந்தால், வரத்துக்கால் அடைபட்டுவிட்டது என்பார். சொல் தெரியாதவருக்கு அது வெறும் பள்ளம். பள்ளத்தில் குப்பை கொட்டுவது அவருக்குத் தவறாகப் படாது. நம் நீர்நிலைகள் பல இப்படித்தான் காணாமல் போகின்றன. முதலில் பெயர் போகிறது, பிறகு இடம் போகிறது.

நம்பிக்கைக்குள் இருக்கும் விதி

வாய்மொழி மரபு என்றவுடன் நாம் ஆண்டுவிழாவில் ஒரு கும்மி, ஒரு தெம்மாங்கு வைத்து முடித்துக்கொள்கிறோம். அதுவும் வேண்டும்தான். ஆனால் மரபில் சுற்றுச்சூழலுக்கு மிகவும் பயன்படும் பகுதி, எதை எடுக்கலாம், எப்போது எடுக்கலாம், எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் கட்டுப்பாடுகள். அவை பெரும்பாலும் நம்பிக்கை வடிவத்தில் இருக்கும்.

நம் பகுதி மீன்பிடித் திருவிழாவை எடுத்துக்கொள்வோம். அழிகண்மாய் என்கிறோம். அறுவடை முடிந்து, கோடையில் நீர் வற்றி முழங்கால் அளவுக்கு வரும்வரை கண்மாயில் யாரும் மீன் பிடிக்கக் கூடாது. ஊர் கூடி நாள் குறிப்பார்கள். பக்கத்து ஊர்களுக்கும் சொல்லி அனுப்புவார்கள். அன்று காலையில் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை கரையில் காத்திருக்கும் கூட்டம் ஊத்தா, கச்சா, வலை, பரி என்று கையில் இருப்பதோடு இறங்கும். பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பார்கள். விற்கும் வழக்கம் இல்லை. இப்படி மீன் பிடித்துக் கொடுத்தால் அடுத்த ஆண்டு மழை நன்றாகப் பெய்யும் என்பது நம்பிக்கை.

இதை வகுப்பில் மூன்று கேள்விகளாகப் பிரித்தோம். நம்பிக்கை என்ன? அதில் இருக்கும் விதி என்ன? அந்த விதியால் யாருக்கு என்ன நன்மை? நம்பிக்கை, மழை வரும் என்பது. விதி, நீர் இருக்கும் காலத்தில் மீனைத் தொடாதே, எடுக்கும் நாளில் எல்லாரும் சேர்ந்து எடு, விற்காதே என்பது. நன்மையைப் பிள்ளைகளே சொன்னார்கள். மீன் வளரக் காலம் கிடைக்கிறது. வற்றினால் எப்படியும் செத்துப்போகும் மீன் வீணாகாமல் எல்லா வீட்டுக்கும் போகிறது. வலை வைத்திருப்பவர் மட்டும் அள்ளிக்கொள்ள முடியாது. கடலில் அரசு விதிக்கும் மீன்பிடித் தடைக்காலத்தைப் பாடத்தில் படிக்கும்போது, இது நம் கண்மாயில் இருப்பதுதானே என்று அவர்களால் ஒப்பிட முடிந்தது.

நம் மாவட்டத்திலேயே திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறது. வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் அந்த ஊர்க் கண்மாய்களில்தான் அமைந்திருக்கிறது. சரணாலயமாக அரசு அறிவித்தது 1977இல். வலசை வந்து கூடு கட்டிய பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கு அந்த ஊர் மக்கள் வெடி வெடிப்பதில்லை. செங்கல்பட்டு மாவட்ட வேடந்தாங்கல் மக்களும் இப்படித்தான். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் தலைமுறைகளாக அறிந்தது. பறவைகளைச் சுடக்கூடாது என்று கேட்டு, 1798இல் ஆங்கிலேய ஆட்சியரிடமிருந்தே அவர்கள் எழுத்துபூர்வமான உரிமை பெற்றிருக்கிறார்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல். சட்டத்துக்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே ஊர் பறவையைக் காத்திருக்கிறது. பட்டாசுப் பாதுகாப்பு உறுதிமொழியை நாம் ஆண்டுதோறும் வாசிக்கிறோம். அதோடு இந்த ஊர்களின் கதையையும் சொன்னால், உறுதிமொழிக்கு உயிர் வரும்.

அடுத்து அய்யனார். நம் பக்கத்தில் பல ஊர்களில் அய்யனார் கண்மாய்க் கரையை ஒட்டித்தான் இருப்பார். அவர் காட்டில் காய்ந்த சுள்ளியைக்கூட ஒடித்து வரக்கூடாது, ஒடித்தால் சாமி கண்ணைக் குத்தும் என்பார்கள். அந்தப் பயத்தால் பிழைத்த வீரை, காயா, உலக்கைப்பாலை போன்ற மரங்களை இன்று கோயில்காட்டுக்கு வெளியே பார்ப்பது அரிதாகிவிட்டது. புரவி எடுப்பு நடக்கும்போது ஊரார் வேளாரிடம் பிடிமண் கொடுத்து வேலையைத் தொடங்கி வைக்கிறார்கள். குதிரை செய்யக் கண்மாய்க் களிமண் வேண்டும். மண் வேண்டுமானால் கண்மாய் வேண்டும். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடு ஐந்து ஹெக்டேருக்கும் குறைவான பரப்புடையது. அதை 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருக்கிறார்கள். அவ்வளவு சிறிய இடத்துக்கு அந்தத் தகுதி கிடைக்கக் காரணம், அதைத் தலைமுறைகளாகத் தொடாமல் வைத்திருந்த மக்கள்.

கோடையில் வண்டல் அள்ளி வயலில் போடுவதும் இந்த வரிசையில் வரும். கண்மாய்க்குத் தூர் வாரினதாயிற்று, வயலுக்கு உரம் போட்டதாயிற்று. இரண்டு செலவும் ஒரே மாட்டுவண்டியில் முடிந்தது. யூரியா மூட்டை வந்தபின் வண்டல் அள்ளுவது குறைந்தது, கண்மாய் மேடாயிற்று. இந்தத் தொடர்பை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொன்னால் எளிதாகப் புரிந்துகொள்கிறது.

மடை திறந்தவர் வகுப்புக்கு வந்தார்

எங்கள் ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீர்ப்பாய்ச்சியாக இருந்த பெரியவர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்தோம். அவருடைய பேத்தி அப்போது ஏழாம் வகுப்பு. “நான் கைநாட்டு, பள்ளிக்கூடத்துக்கு வந்து என்ன சொல்லப் போறேன்” என்று முதலில் தயங்கினார். நாற்காலி போட்டு உட்கார வைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரச் சொன்னேன்.

நீர்ப்பாய்ச்சியின் வேலை என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள். மடையைத் திறந்து அடைப்பது தன் பொறுப்பு, நிலத்துக்காரர் மடையைத் தொடக்கூடாது, தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைத்து எல்லா வயலுக்கும் விட வேண்டும், கூலியாக அறுவடையில் நெல் தருவார்கள் என்று சொன்னார். பெரிய நிலக்காரர் வந்து தன் வயலுக்கு முதலில் விடச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். “முறைன்னு ஒண்ணு வச்சாச்சுன்னா எல்லாருக்கும் அதுதான் தாயி” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “மடையைத் தொறக்க யாரு வேணா தொறக்கலாம் டீச்சர். எப்ப அடைக்கணும்னு தெரியணும்” என்றார். சிக்கனம் பற்றி நான் அதுவரை நடத்திய பாடங்களில் இவ்வளவு சுருக்கமான வாக்கியம் இருந்ததில்லை.

அன்று இன்னொன்றும் நடந்தது. எப்போதும் பின்வரிசையில், பேசாமல் இருக்கும் அவருடைய பேத்தி, தாத்தா சொன்ன சொற்களை மற்றவர்களுக்கு விளக்கினாள். எந்த மடை எந்தப் பக்கம் பாய்கிறது என்று கரும்பலகையில் அவளே வரைந்தாள். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் தங்கள் வீட்டில் அறிவு இல்லை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். பாம்பு பிடிக்கும் அறிவுக்காக இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. புத்தகத்தில் படித்து வந்த அறிவு இல்லை அது. இதை வகுப்பில் சொல்லுங்கள். எந்தப் பிள்ளையின் முதுகு நிமிர்கிறது என்று கவனியுங்கள்.

அந்தப் பெரியவர் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு காலமானார். அவர் சொன்னது எங்கள் பிள்ளைகளின் நோட்டில் இருக்கிறது. அவருக்கு முன் மடை பார்த்தவர்கள் சொன்னது எங்கும் இல்லை.

கேட்டது, பார்த்தது, அளந்தது

இங்கே ஒரு கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். பெரியவர்கள் சொல்வதெல்லாம் உண்மையா? அறிவியல் ஆசிரியர் அதை அப்படியே பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

கூடாது. சோதித்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். எங்கள் நோட்டில் மூன்று பத்திகள் போட்டிருக்கிறோம். கேட்டது, பார்த்தது, அளந்தது. தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பது கேட்டது. எந்த நாளில் தட்டான் தாழப் பறந்தது என்பது பார்த்தது. அன்றும் மறுநாளும் எத்தனை மில்லிமீட்டர் மழை என்பது அளந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதைச் செய்தால் போதும்.

மழைமானி செய்வது எளிது. நேரான பக்கங்கள் உள்ள தண்ணீர் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் போல வையுங்கள். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும். கூழாங்கல் போட்டு, கொஞ்சம் நீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறித்து, அதற்கு மேல் அளவுகோல் ஒட்டுங்கள்.

தட்டான் பறந்த நாள்களில் சில நாள் மழை பெய்தது, சில நாள் பெய்யவில்லை. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடேறிய நாள்களிலும் அப்படியே. சொலவடை பொய்யா என்று பிள்ளைகள் கேட்டார்கள். எந்த மாதத்தில் பொருந்தியது, எந்த மாதத்தில் பொருந்தவில்லை என்று பாருங்கள் என்றேன். வானிலை அறிக்கை சில நாள் தவறுவதையும் அதோடு ஒப்பிட்டார்கள். மழைக்கு அறிகுறி என்பது வேறு, மழைக்கு உறுதி என்பது வேறு என்று அவர்களே வந்து சேர்ந்தார்கள். இந்த வேறுபாடு தெரிந்த பிள்ளை நாளைக்கு வாட்சப்பில் வரும் எந்தச் செய்தியையும் அப்படியே நம்பாது.

சில சொற்கள் சோதனையில் இன்னும் மெருகேறி வந்தன. கிராமத்தில் மழையை ஓர் உழவு மழை, இரண்டு உழவு மழை என்று அளப்பார்கள். மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்பது கணக்கு. பிள்ளைகள் மழைக்கு மறுநாள் ஒரு குச்சியும் அளவுகோலும் கொண்டுபோய், செம்மண் தரையிலும் கரிசல் தரையிலும் தோண்டிப் பார்த்தார்கள். மழைமானியில் ஒரே அளவுதான். ஆனால் மணல் கலந்த செம்மண்ணில் ஈரம் ஆழமாகப் போயிருந்தது, கரிசலில் மேலாகவே நின்றிருந்தது. மில்லிமீட்டர் என்பது வானம் கொடுத்த கணக்கு. உழவு என்பது மண் வாங்கிக்கொண்ட கணக்கு. விவசாயிக்கு இரண்டும் வேண்டும். மண்ணின் நீர்ப்பிடிப்புத் திறன் என்ற பாடம் அன்று நடந்து முடிந்துவிட்டது.

நண்டு ஓட நெல், நரி ஓடக் கரும்பு, வண்டி ஓட வாழை, தேர் ஓடத் தென்னை என்ற பழமொழியைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்துக்குப் போய்ப் பயிர் இடைவெளியை அளந்து, ஒரு சென்ட் நிலத்தில் எத்தனை கன்று நடலாம் என்று கணக்கிடச் சொல்லலாம். சீமைக் கருவேலம் என்ற பெயரில் சீமை என்று ஏன் வந்தது என்று தமிழ் ஆசிரியர் கேட்கலாம். வெளியிலிருந்து வந்த மரம் என்ற செய்தியை ஊரே பெயரில் எழுதி வைத்திருக்கிறது. அயல் தாவரப் பெருக்கம் என்கிற பாடத்துக்கு அந்தப் பெயரே வாசல்.

வாயில் இருந்த சொல்லும் ஏட்டில் இருந்த சொல்லும்

வாய்மொழி மரபு உயிரைக் காக்குமா என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. இந்தோனேசியாவில் சுமத்ராவை ஒட்டி சிமேயுலூ என்று ஒரு தீவு. 1907இல் அங்கே பெரிய ஆழிப்பேரலை வந்து பலர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் அதற்கு ஸ்மோங் என்று பெயர் வைத்தார்கள். நிலம் பலமாக அதிர்ந்து, கடல் உள்வாங்கினால் ஸ்மோங் வரும், உடனே மேட்டுக்கு ஓடு என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கம் அந்தத் தீவுக்கு மிக அருகில் ஏற்பட்டது. மக்கள் ஸ்மோங், ஸ்மோங் என்று கத்திக்கொண்டு குன்றுகளுக்கு ஓடினார்கள். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர் என்று பதிவாகியிருக்கிறது.

அதே காலையில் நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். நாம் அந்தத் தீவைவிட மிகத் தொலைவில் இருந்தோம், அலை வர நமக்கு இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. கடல்கோள் என்ற சொல் தமிழில் மிகப் பழையது. தமிழ் இலக்கிய வரலாற்றில் நாம் எல்லாரும் தேர்வுக்குப் படித்ததுதான். ஆனால் அந்தச் சொல் ஏட்டில் இருந்தது. கடற்கரையில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையின் வாயில் இல்லை. கடல் உள்வாங்கியபோது வேடிக்கை பார்க்கப் போனவர்கள் நிறையப் பேர்.

புத்தகத்தில் இருப்பதும் புழக்கத்தில் இருப்பதும் வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதனால்தான், பெரியவர்களிடம் கேட்டதை நோட்டில் எழுதியதோடு வேலை முடிந்தது என்று நான் நினைப்பதில்லை. அந்தச் சொற்கள் பிள்ளைகளின் பேச்சுக்குத் திரும்ப வேண்டும்.

கவனம் வேண்டிய இடங்கள்

மரபில் எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஊருணியில் யார் இறங்கி நீர் எடுக்கலாம், கோயில்காட்டுக்குள் யார் போகலாம், பெண்கள் எங்கே போகக் கூடாது என்ற கட்டுப்பாடுகளும் அதே மரபில்தான் இருந்தன. சில ஊர்களில் இன்றும் இருக்கின்றன. பிள்ளைகள் அதையும் கேட்டு எழுதி வருவார்கள். மறைக்க வேண்டியதில்லை. ஊருணியைச் சுத்தமாக வைத்திருந்த விதியை எடுத்துக்கொள்வோம், மனிதரை விலக்கிய விதியை ஒதுக்குவோம் என்று வகுப்பில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியது நம் கடமை. இதைச் சொல்லாமல் மரபைப் போற்றினால், பாதிக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு நாம் அநீதி செய்தவர்கள் ஆவோம்.

மருந்துச் செடிகளைப் பற்றிக் கேட்கும்போது, சொல்பவர் விரும்பியதை மட்டும் எழுத வேண்டும். யார் சொன்னது என்று பெயரோடு எழுத அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். அது முன்பே இந்தியாவில் எழுதப்பட்டிருக்கிறது என்று சான்றுகளைக் காட்டியபின்தான் 1997இல் ரத்து ஆனது. பாட்டிக்குத் தெரியும் என்பது அங்கே போதவில்லை. எழுதி வைப்பதன் தேவைக்கு இது ஒரு பாடம். பிள்ளைகள் யாரும் செடிகளைச் சாப்பிட்டுச் சோதிக்கக் கூடாது என்பதையும், கண்மாய்க்குக் களப்பயணம் நீர் வற்றிய காலத்தில், பெற்றோர் துணையோடு மட்டுமே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பாடவேளைக்குள் செய்வது எப்படி

பாடம் முடிக்கவே நேரம் இல்லை, இதற்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நான் இதற்குத் தனிப் பாடவேளை கேட்கவில்லை. பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு அறிவை இணைக்க வேண்டும் என்பது 2005 தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பின் முதல் கோட்பாடு. நாம் நடத்தும் பாடத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது.

ஜூன், ஜூலையில் சொல் சேகரிப்பு. வாரம் ஒரு கேள்வி, வீட்டுப்பாடமாக. ஆகஸ்டில் ஒரு பெரியவரை வகுப்புக்கு அழைத்தல். நீர்ப்பாய்ச்சி, மருத்துவச்சி, ஆடு மேய்ப்பவர், வேளார், பனையேறி என்று மாதம் ஒருவர் வந்தாலும் ஆண்டுக்கு ஏழெட்டுப் பேர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை நோட்டு. ஜனவரியில் ஊர் வரைபடம். பிப்ரவரி, மார்ச்சில் கண்மாய் நடை. தேசிய பசுமைப்படை, சுற்றுச்சூழல் மன்றம் இரண்டும் இருக்கும் பள்ளிகளில் அவற்றின் நிகழ்ச்சியாகவே இதை வைத்துக்கொள்ளலாம். செலவு ஒரு நாற்பது பக்க நோட்டுதான்.

சேர்த்ததை என்ன செய்வது? 2002 பல்லுயிர்ப் பெருக்கச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். பிள்ளைகள் சேர்த்த மரம், மீன், பறவை, நீர்நிலைப் பெயர்களின் நகலை ஊராட்சிக்குக் கொடுங்கள். வரைபடத்தைக் கிராம சபையில் வையுங்கள்.

எங்கள் பிள்ளைகள் வரத்துக்காலை நடந்து பார்த்து, எந்தெந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்று வரைந்து, மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் கிராம சபையில் கொடுத்தார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்று, இது பள்ளம் இல்லை, வரத்துக்கால் என்று படித்தாள். அதற்குப் பிறகு ஓரிடத்தில் குப்பை கொட்டுவது நின்றது. ஊரார் சேர்ந்து அந்த இடத்தை வெட்டிச் சீர் செய்தார்கள். இன்னோர் இடத்தில் இருக்கும் ஆக்கிரமிப்பு அப்படியேதான் இருக்கிறது. அது பிள்ளைகளால் முடியக்கூடிய வேலை இல்லை. ஆனால் அது ஆக்கிரமிப்பு என்று இப்போது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

நண்பர்களே, நம் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள்தாம் கண்மாய்ப் பாசனத்தை முழுமையாக வாழ்ந்து பார்த்த கடைசித் தலைமுறை. இவர்களுக்கு அடுத்தவர்கள் ஆழ்துளைக் கிணற்றோடும் வெளியூர் வேலையோடும் வளர்ந்தவர்கள். எனவே நமக்கு இருக்கும் காலம் குறைவு. இந்தப் பயிற்சியிலிருந்து திரும்பியதும், திங்கட்கிழமை உங்கள் வகுப்பில் ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள்: நம் ஊர் நீர்நிலையின் பகுதிகளுக்கு என்னென்ன பெயர்கள் என்று வீட்டில் மூத்தவரிடம் கேட்டு எழுதி வா. செவ்வாய்க்கிழமை உங்கள் கரும்பலகை நிறைந்திருக்கும். அடுத்த பயிற்சியில் நாம் சந்திக்கும்போது, ஒவ்வொரு பள்ளியும் தன் சொற்பட்டியலைக் கொண்டு வந்தால், இந்த வட்டாரம் முழுவதற்குமான நீர்ச்சொல் தொகுப்பு ஒன்றை நாமே உருவாக்கிவிடலாம்.